ரமலானுக்கு முன் உள்ளத்தைத் தயார் செய்வது: ஷஃபானில் (ரமலானுக்கு முந்தைய மாதம்) எதிலிருந்து தொடங்குவது?

மழைத்துளி:

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலானுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. சமையல், வீட்டு வேலை பற்றிய கேள்வி இல்லை இது; அமல்களுக்கான (வணக்கங்களுக்கான) தயாரிப்பு பற்றியது. ரமலானின் முதல் பத்து நாளில் இருக்கும் வேகம் இரண்டாம் பத்தில் இறங்கிவிடுகிறது. தினம் ஒரு ஜுஸ்வு (குர்ஆனில் முப்பதில் ஒரு பங்கு) என்று ஆரம்பிக்கும் ஓதல் பன்னிரண்டாம் நோன்பு வாக்கில் நின்றுபோகிறது. போன ரமலானில் விட்ட 7 நோன்பு இன்னும் களாவாக (பிறகு நோற்று ஈடுசெய்ய வேண்டியதாக) நிற்கிறது. நான் பின்பற்றுவது ஷாஃபி மத்ஹப் (சட்டப் பள்ளி).

இந்த ஐந்து வாரத்தில் எதை முதலில் எடுப்பது? களா, ஓதல், தவ்பா (பாவத்திலிருந்து மீளுதல்) என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் ஒன்றும் நிலைப்பதில்லை. விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பிறைதேடி:

வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. முதலில் களா. அது கடன், கடன் நிற்கும்போது மற்றவை பின்னால்தான். ஆயிஷா (ரலி) தம் மேல் இருந்த ரமலான் களாவை ஷஃபானில்தான் நோற்க முடிந்தது என்று சொன்னது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. எனவே ஷஃபான் வரை தள்ளியதில் தவறில்லை, அடுத்த ரமலானுக்குள் முடிந்துவிட வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் அதைத் தாண்டினால் ஷாஃபி மத்ஹபில் களாவோடு நாளுக்கு ஒரு முத்து தானியம் ஃபித்யாவும் (ஏழைக்குக் கொடுக்கும் பரிகாரம்) சேரும். முத்து என்பது நடுத்தரமான இரு கை சேர்த்து அள்ளும் ஒரு அள்ளு. ஹனஃபியில் களா மட்டும்தான், ஃபித்யா இல்லை.

கணக்கு இப்படிப் போடுங்கள். திங்கள், வியாழன் என்று ஐந்து வாரத்துக்குப் பத்து நாள். மாதவிடாய் வரும் வாரத்தில் இரண்டைக் கழித்தால் எட்டு. ஏழு களா முடிந்து ஒரு நாள் கையில் மிஞ்சும். களா தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நிய்யத் (நோற்கும் எண்ணம்) ஒவ்வொரு இரவும் சுப்ஹுக்கு (விடியற்காலைத் தொழுகை நேரம்) முன் வந்துவிட வேண்டும். காலையில் எழுந்து "இன்றைக்குப் பிடித்துக்கொள்ளலாம்" என்று முடிவெடுப்பது நஃபிலுக்கு (கடமையல்லாத நோன்பு) சரி, களாவுக்குச் செல்லாது. பலருக்குத் தவறுவது இந்த இடத்தில்தான். நிய்யத்தைக் களாவுக்கே வையுங்கள். திங்கள், வியாழனின் சிறப்பையும் அல்லாஹ்விடம் ஆதரவு வைக்கலாம். எத்தனை நோன்பு விட்டோம் என்பதில் ஐந்தா ஆறா என்று சந்தேகம் இருந்தால் ஆறாக எடுப்பதே பேணுதல்.

இன்னொன்று. ஷஃபான் 15 தாண்டியபின் புதிதாக நஃபில் நோன்பு தொடங்குவது ஷாஃபி மத்ஹபில் கூடாது. ஏற்கெனவே வழக்கமாக நோற்பவருக்கும், 15ஆம் நாளோடு சேர்த்துத் தொடர்பவருக்கும் தடையில்லை. களாவுக்கும் தடையில்லை. எனவே 16க்குப் பின் மிச்சம் இருக்கிறதே என்று பதற வேண்டாம்.

இந்த ஏழு நோன்பில் உள்ளத்துக்கும் வேலை இருக்கிறது. ரமலான் ஏன் நடுவில் தளர்கிறது? பதினோரு மாதம் தூக்காத பாரத்தை முதல் பிறையன்று ஒரேயடியாகத் தலையில் ஏற்றுகிறோம். நோன்பு, தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை), ஓதல், குறைந்த தூக்கம் எல்லாம் ஒரே நாளில் வந்து விழுகின்றன. பத்து நாள் உற்சாகம் தாங்கும், பிறகு உடம்பு கேட்காது. நபி (ஸல்) ரமலானுக்கு அடுத்தபடியாக அதிகம் நோன்பு நோற்றது ஷஃபானில்தான். களா நாள்களிலேயே ரமலான் நாளை நடத்திப் பாருங்கள்: சஹருக்கு (விடியலுக்கு முந்தைய உணவு) எழும் நேரம், அதன்பின் உட்காரும் நேரம், அஸருக்குப் (பிற்பகல் தொழுகை) பின் வரும் எரிச்சல். எங்கே சரிகிறது என்று ரமலானுக்கு முன்பே தெரிந்துவிடும்.

ஓதும்குரல்:

ஓதல் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் ஈமான் குறைவு காரணம் இல்லை, கணக்குப் பிழைதான் காரணம். "ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் 4 பக்கம்" என்ற திட்டத்தை எல்லோரும் சொல்வார்கள். 15 வரி மதீனா முஸ்ஹஃபில் (அச்சிட்ட குர்ஆன் பிரதி) 604 பக்கம். 20 பக்கம் வீதம் 30 நாளில் 600. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பிறை 29இல் தெரிந்தால் 580 பக்கத்தில் நிற்பீர்கள், 24 பக்கம் பாக்கி. திட்டம் போடுபவர் 29 நாளுக்குத்தான் போட வேண்டும்: நாளுக்கு 21 பக்கம், மொத்தம் 609.

அடுத்த பிழை, ஐந்து வக்துக்கும் (தொழுகை நேரத்துக்கும்) சமமாகப் பங்கு போடுவது. மஃரிபுக்குப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) பின் நோன்பு திறந்த களைப்பு, பிறகு இஷா (இரவுத் தொழுகை), தராவீஹ். அந்த 4 பக்கம் ஒரு நாளும் நடக்காது. தினம் 4 பக்கம் தேங்கினால் பத்து நாளில் 40 பக்கம், அதாவது இரண்டு ஜுஸ்வு. அந்த மலைப்பில்தான் முஸ்ஹஃபை மூடிவிடுகிறோம். மஃரிபை விட்டுவிடுங்கள். சுப்ஹுக்குப் பின் 9, லுஹருக்குப் (நண்பகல் தொழுகை) பின் 4, அஸருக்கு முன் 4, தூங்கும் முன் 4.

ஷஃபானில் ஒரு நாள் சுப்ஹுக்குப் பின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 4 பக்கம் தஜ்வீதோடு (சரியான உச்சரிப்பு முறையோடு) ஓதிப் பாருங்கள். பழகிய நாக்குக்கு ஒரு பக்கம் இரண்டு நிமிடம் வரும். திக்கி ஓதுபவருக்கு நாலைந்து நிமிடம். முன்னவருக்கு 21 பக்கம் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும், பின்னவருக்கு ஒன்றரை மணி நேரமும் தாண்டும். இரண்டாவது வகை என்றால் முழுக் குர்ஆனை இலக்காக வைக்காதீர்கள். அரைக் குர்ஆனைப் பொருள் புரிந்து முடியுங்கள். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்பது நபிமொழி. அதனால் வேகமாக ஓதுபவரைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

தேநீர், காபி பழக்கம் இருந்தால் ஒரு சொல். இரண்டு வாரம் முன்பிருந்தே குறைத்து வாருங்கள், பகல் வேளையில் குடிப்பதை முதலில் விடுங்கள். சட்டென்று நிறுத்துவதும் முதல் சில நாள் தலைவலிக்கு ஒரு காரணம்.

கரையோரம்:

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் தவ்பா பக்கம் யாரும் வரவில்லை. எனக்கு அதுதான் தலையாயது என்று படுகிறது.

தவ்பாவுக்கு மூன்று நிபந்தனை: பாவத்தை விடுவது, செய்ததற்கு வருந்துவது, இனித் திரும்பமாட்டேன் என்று உறுதி கொள்வது. அடியாருடைய ஹக் (பிற மனிதரின் உரிமை) சம்பந்தப்பட்டால் நான்காவதாக அதைத் திருப்பிக் கொடுப்பது. முதல் மூன்றும் தனி அறையில் முடிந்துவிடும். நான்காவது முடியாது, அதனால்தான் அதை எல்லோரும் தள்ளிப்போடுகிறோம். ரமலான் தொடங்குவதற்கு முந்தின நாள் "தெரிந்தோ தெரியாமலோ தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்" என்று இருநூறு பேருக்கு ஒரே செய்தி அனுப்புவது மன்னிப்புக் கேட்பது ஆகாது. அந்த இருநூறில் உண்மையில் கேட்க வேண்டியவர் இரண்டு பேர்தான் இருப்பார்கள், பெரும்பாலும் அவர்களுக்கு அந்தச் செய்தி போயிருக்காது.

ஒரு தாளில் எழுதுங்கள். பணம் தர வேண்டியவர்கள், பேச்சை முறித்தவர்கள், யாரைப் பற்றிப் புறம் பேசினோம் என்று. பணத்தை இப்போதே கொடுங்கள். கொடுக்க இயலாவிட்டால் தவணை கேட்டு வாயைத் திறந்து பேசுங்கள். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். தேடியும் கிடைக்காதவர் என்றால் அவர் பேரில் ஸதகா (தர்மம்). புறம் பேசியது அவர் காதுக்குப் போயிருந்தால் நேரில் மன்னிப்புக் கேளுங்கள். போகவில்லை, சொன்னால் புதுப் பகை மூளும் என்றால், அவருக்காக இஸ்திஃக்ஃபார் (பாவமன்னிப்புத் தேடல்) செய்து, எந்தச் சபையில் குறை சொன்னோமோ அந்தச் சபையிலேயே அவருடைய நல்லதைச் சொல்லுங்கள் என்று உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் வழி காட்டியிருக்கிறார்கள். பேச்சை முறித்தவரிடம் நீங்களே முதலில் ஸலாம் சொல்லுங்கள். திங்களும் வியாழனும் மன்னிப்பு வழங்கப்படும்போது, பகை கொண்ட இருவரை மட்டும் சமாதானம் ஆகும்வரை விட்டுவைக்கச் சொல்லப்படுகிறது என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. அதே திங்கள் வியாழனில் நீங்கள் களா நோற்கப் போகிறீர்கள். இதையும் சேர்த்து யோசியுங்கள்.

நாக்கு விஷயம் இன்னும் நுணுக்கமானது. பொய்யான பேச்சையும் செயலையும் விடாதவர் உண்ணாமல் பருகாமல் இருப்பதில் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்பது புகாரியில் வரும் நபிமொழி. இப்போது புறம் பேசுவதில் பெரும்பகுதி போனில்தான் நடக்கிறது. குரல் பதிவில் ஒருவர் ஆரம்பிப்பார், நாம் "ஆமாம்" என்று ஒரு பதில் போடுவோம், முடிந்தது. ஷஃபானிலேயே அப்படிப்பட்ட குழுக்களிலிருந்து வெளியேறிவிடுங்கள். ஓசையை மட்டும் நிறுத்தி வைத்தால் மூன்றாம் நாள் விரல் தானாகத் திறக்கும்.

துஆவுக்கும் (வேண்டுதலுக்கும்) ஒரு தாள் வேண்டும். நோன்பு திறக்கும் நேரத்தின் துஆ மறுக்கப்படாது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் வந்ததும் என்ன கேட்பது என்று வாய் அடைத்துப்போகும், அல்லது சமையலறையில் நிற்போம். பாங்குக்குக் கால் மணி நேரம் முன்பே அடுப்பை அணைத்துவிடும் பழக்கத்தைக் களா நாளிலேயே கொண்டுவாருங்கள். தாளில் ஏழெட்டு துஆ போதும், உங்கள் சொந்த வார்த்தையில், பெயர் சொல்லி.

ஒரு திருத்தமும். முதல் பத்து ரஹ்மத், நடுப்பத்து மன்னிப்பு, கடைசிப் பத்து நரக விடுதலை என்று பிரித்துச் சொல்லும் அறிவிப்பு பலவீனமானது. அதை வைத்து "இது மன்னிப்புப் பத்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எதையும் ஒத்திப்போட வேண்டாம். மன்னிப்பு முதல் இரவிலிருந்தே கேட்க வேண்டியது.

மழைத்துளி:

ஜஸாகுமுல்லாஹு கைரன். எல்லாம் குறித்துக்கொண்டேன். ஒன்று விட்டுப்போனது. ரமலான் நடுவில் தொழுகை, நோன்பு இல்லாத ஆறேழு நாளில்தான் எனக்கு எல்லாம் அறுந்துபோகிறது. சுத்தமானபின் பழைய நிலைக்குத் திரும்ப முடிவதில்லை. அதற்கு இப்போதே ஏதாவது செய்து வைக்க முடியுமா? ஓதலில் விழும் பள்ளத்தை எப்படி அடைப்பது?

மதரஸா மாணவி:

முடியும் சகோதரி. அறுந்துபோவது அமல் நிற்பதால் இல்லை, நேரம் கலைவதால். அந்த நாள்களில் சஹருக்கு எழாமல் தூங்கிவிடுகிறோம், பிறகு அந்த நேரம் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. அதே நேரத்துக்கு எழுங்கள், முஸல்லா (தொழுகை விரிப்பு) விரிக்கும் அதே இடத்தில் உட்காருங்கள். சஹர் நேரத்தில் பாவமன்னிப்புத் தேடுபவர்களைக் குர்ஆன் இரண்டு இடத்தில் புகழ்கிறது (3:17, 51:18). இஸ்திஃக்ஃபாருக்கு உளூவும் (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுதல்) தேவையில்லை, சுத்தமும் தேவையில்லை. ஷாஃபி மத்ஹபில் அந்நாள்களில் குர்ஆன் ஓதுவதும் முஸ்ஹஃபைத் தொடுவதும் கூடாது. காதால் கேட்கலாம், திக்ரு (இறை நினைவு), ஸலவாத் (நபிக்கான வாழ்த்து), துஆ எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். குர்ஆனில் வரும் துஆக்களையும் திக்ரு என்ற எண்ணத்தில் சொல்லலாம். சுப்ஹுக்குப் பின் 9 பக்கம் ஓதும் நேரத்தில் அதே 9 பக்கத்தைக் கேளுங்கள், இடம் மாறாமல். ஏழு நாளும் உட்கார்ந்த இடம் பழகியிருந்தால் எட்டாம் நாள் குளித்துவிட்டு வந்து உட்காருவது கனமாக இருக்காது.

ஓதல் பள்ளத்துக்குக் கணக்கு இருக்கிறது. 29 நாளில் 7 போனால் 22. 604 பக்கத்தை 22 நாளில் என்றால் நாளுக்கு 28 பக்கம் வரும், வேண்டாம். ஷஃபான் 15 முதல் 29 வரை தினம் 10 பக்கம் ஓதுங்கள். நடுவில் மாதவிடாய் வரும் என்று தெரிந்தால் அத்தனை நாள் முன்கூட்டியே தொடங்குங்கள். 150 பக்கம் முடிந்துவிடும். மிச்சம் 454, 22 நாளுக்கு 21 பக்கம் போதும், ஓதும்குரல் சொன்ன அதே அளவு. மதீனா முஸ்ஹஃபில் 150ஆம் பக்கத்தோடு சூரத்துல் அன்ஆம் முடிகிறது. ரமலான் முதல் நாள் சுப்ஹுக்குப் பின் அஃராஃபிலிருந்து எடுங்கள்.