டோனி பென் 50 ஆண்டு எம்.பி.யா, 47 ஆண்டு எம்.பி.யா?

பாலாற்றுக்காரன்:
பக்கத்து இழையில் ஒரு பெரியவர் அடித்துவிட்டிருக்கிறார்: "பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் டோனி பென் 1950 முதல் 2001 வரை 50 ஆண்டு இடைவிடாமல் எம்.பி." படித்ததும் காபி புரையேறிவிட்டது. 1960 நவம்பரில் அவருடைய அப்பா ஸ்டான்ஸ்கேட் பிரபு காலமானார். பரம்பரைப் பிரபு பட்டம் மகன் பென் தலையில் விழுந்தது. பிரபுவானவர் மக்களவையில் உட்காரக் கூடாது என்று வெளியே தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்தது 1963 ஆகஸ்டில். 1983-ல் பிரிஸ்டல் கிழக்கில் தோற்று, 1984 மார்ச்சில் செஸ்டர்ஃபீல்டு இடைத்தேர்தலில்தான் மறுபடி உள்ளே போனார். இரண்டையும் கழித்தால் 47. கழித்தல் தெரியாதவர்கள் வரலாறு எழுத வேண்டாமே.

ஈஸ்ட்ஹாம் சேகர்:
அந்தப் பெரியவர் நான்தான். பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? 22 வருடமாக லண்டனில் இருக்கிறேன், எனக்கே பென் பாடமா? 1961 மே 4, பிரிஸ்டல் தென்கிழக்கு இடைத்தேர்தல். 'நீ நிற்கவே தகுதியில்லை' என்று சொன்ன பிறகும் நின்றார். பென்னுக்கு 23,275 ஓட்டு. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231. மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 1983 கதைக்கு அப்புறமாக வருகிறேன்.

பாலாற்றுக்காரன்:
லண்டனில் இருந்தால் கழித்தல் மாறிவிடுமா சார்? தேர்தல் நீதிமன்றம் அந்த இடத்தைச் செயின்ட் கிளேருக்குக் கொடுத்தது. அவையில் உட்கார்ந்தது அவர், சம்பளம் வாங்கியது அவர். பென் வாசலில் நின்றார்.

ஈஸ்ட்ஹாம் சேகர்:
23,275. எழுத்தால் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்: இருபத்து மூவாயிரத்து இருநூற்று எழுபத்தைந்து. அந்தச் செயின்ட் கிளேரே வேறொரு பிரபு பட்டத்துக்கு அடுத்த வாரிசு என்பது தெரியுமா? பிரபு ஆகிவிட்டவரை வெளியேற்றி, ஆகப்போகிறவரை உட்கார வைத்தார்கள். இதற்குப் பெயர் தீர்ப்பாம்.

குழலி:
இரண்டு பேரும் அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதையே சொல்லவில்லையே. 1942-ல், போர்க்காலக் கூட்டணி அரசு இருந்தபோது, மேலவையில் தொழிற்கட்சிக்கு ஆள் போதவில்லை என்று அப்பா வெட்ஜ்வுட் பென்னுக்குக் கொடுத்தது அது. மூத்த மகன் மைக்கேல் பாதிரியாராகப் போகும் எண்ணத்தில் இருந்தார், அதனால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அவர் 1944-ல் விமானப்படைப் பணியில் இறந்துபோனார். அப்படித்தான் பட்டம் தம்பி பக்கம் திரும்பியது. அந்த அப்பா 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சராகவும் இருந்தவர். வட்டமேஜை மாநாட்டுக்கு வந்த காந்தியைச் சிறுவன் டோனி பார்த்திருக்கிறான்.

மணிமுத்தாறு:
ஆகா! அதனால்தான் பென் சைவம், மதுவும் தொடுவதில்லை. காந்தியின் செல்வாக்கு!

குழலி:
ஆறு வயதில் காந்தியைப் பார்த்ததற்கும் நடுவயது தாண்டிச் சைவத்துக்கு மாறியதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். அவருடைய மதம் தேநீர்தான். குவளை குவளையாகக் குடிப்பார்.

ஈஸ்ட்ஹாம் சேகர்:
தேநீர்ப் பேச்சை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். 23,275-க்கு இன்னும் பதில் வரவில்லை. அந்தப் போராட்டத்தால்தான் 1963-ல் பட்டத்தைத் துறக்கும் சட்டமே வந்தது. ஜூலை 31-ல் சட்டமானது, அன்றைக்கே முதல் ஆளாகத் துறந்தார். செயின்ட் கிளேர் சொன்ன வாக்குப்படி இடத்தைக் காலி செய்தார். கன்சர்வேட்டிவ் கட்சி அந்த இடைத்தேர்தலில் ஆளே நிறுத்தவில்லை. தப்பு தங்கள் பக்கம் என்று நாடே ஒப்புக்கொண்டதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இடையில் போனதைக் கழிப்பது அநியாயம்.

பாலாற்றுக்காரன்:
நாடு ஒப்புக்கொண்டது, சரி. அதே சட்டத்தால் அடுத்த சில மாதங்களில் லாபம் அடைந்தது யார்? கன்சர்வேட்டிவ் பிரதமரான ஹோம் பிரபு! பதவிக்கு வந்த கையோடு பட்டத்தைத் துறந்தார். உங்கள் தலைவர் வெட்டிய கிணற்றில் எதிர்க்கட்சி தண்ணீர் எடுத்தது. ஆனால் கணக்கு கணக்குதான். 47.

மணிமுத்தாறு:
இடைவிடாமல் என்றால் டென்னிஸ் ஸ்கின்னர் அல்லவா? சுரங்கத் தொழிலாளி, பால்சோவர் தொகுதி, 1970 முதல் 2019 வரை ஒரு நாள் இடைவெளி கிடையாது.

ஈஸ்ட்ஹாம் சேகர்:
ஸ்கின்னரை யார் கேட்டது? போன மாதம் கான்கார்ட் விமான இழையில் உங்கள் லட்சணம் தெரிந்தது. அந்த விமானத்தின் ஆங்கிலப் பெயரின் கடைசியில் பிரெஞ்சு 'இ' (e) எழுத்தைத் திரும்பச் சேர்த்தவர் பென் என்று நான் சொன்னபோது சிரித்தீர்கள். மறக்கவில்லை.

மணிமுத்தாறு:
நான் சிரித்தது 'இ'க்கு இல்லை அண்ணா, அதற்கு நீங்கள் எழுதிய பதினான்கு பத்திக்கு.

பாலாற்றுக்காரன்:
அஞ்சல் அமைச்சராக இருந்தபோது தபால்தலையில் ராணி தலையை எடுக்கப் பார்த்தவர், கடைசியில் ராணி ஓரத்தில் சிறு நிழலுருவாக ஒதுங்கியதோடு திருப்தியடைந்தார். தலைவரே சமரசம் செய்துகொள்ளும்போது தொண்டருக்கு மூன்று வருடம் விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஈஸ்ட்ஹாம் சேகர்:
தொண்டனா? நான் எந்தக் கட்சியும் இல்லை. 1981 துணைத்தலைவர் போட்டியில் டெனிஸ் ஹீலியிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் பென் தோற்றது தொழிற்கட்சிக்கு நல்லதுதான் என்று இதே தளத்தில் எழுதி வசை வாங்கியவன் நான். நியாயம் வேறு, அபிமானம் வேறு. அமைச்சராக அவர் செய்த குளறுபடிகளை அடுக்கினால் இந்த இழை தாங்காது. ஆனால் 23,275 பேர் ஓட்டுப் போட்டார்கள்.

குழலி:
ஒரு சின்ன விஷயம். 2001-ல் பென்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றவர் முன்னாள் கன்சர்வேட்டிவ் பிரதமர் எட்வர்ட் ஹீத். அவரும் 1950-ல் வந்தவர். 'அவையின் தந்தை' என்ற மரியாதை ஹீத்துக்குத்தான் கிடைத்தது. இடைவிடாமல் அதிக காலம் எம்.பி.யாக இருப்பவருக்குக் கொடுப்பது அது.

பாலாற்றுக்காரன்:
குழலி அம்மா வாயில் சர்க்கரை! முடிந்தது கதை.

ஈஸ்ட்ஹாம் சேகர்:
எங்கே முடிந்தது? ஹீத் வந்தது 1950 பிப்ரவரி, பென் வந்தது நவம்பர். இடைவெளியே இல்லாவிட்டாலும் ஹீத்துக்குத்தான் கிடைத்திருக்கும். அரைகுறையாகப் படித்துவிட்டுச் சர்க்கரை போட வந்துவிட்டீர்கள்.

பாலாற்றுக்காரன்:
"இடைவெளியே இல்லாவிட்டாலும்" என்றீர்களே. அப்படியென்றால் இடைவெளி உண்டு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

ஈஸ்ட்ஹாம் சேகர்:
அது பேச்சுக்குச் சொன்னது. தமிழில் நிபந்தனை வாக்கியம் என்று ஒன்று இருக்கிறது, பள்ளியில் தூங்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மணிமுத்தாறு:
அண்ணா, அந்த 1983?

ஈஸ்ட்ஹாம் சேகர்:
வருகிறேன் என்றேனே. முதலில் அவர் 1961-க்குப் பதில் சொல்லட்டும்.