கொலு பொம்மைப் பெட்டிக்குள் என்ன வைப்பது?

குழு: நம்ம வீடு

அண்ணி (காலை 9:12): பெங்களூருக்குப் போன தசாவதார செட்டில் வாமனர் குடை ஒடிந்துவிட்டது. கிருஷ்ணர் கையில் புல்லாங்குழல் பாதிதான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்று பபிள் ராப் சுற்றித்தான் அனுப்பினேன். மனசே சரியில்லை.

அத்தை (9:14): அடடா, ராத்திரி பகலாக உட்கார்ந்து வர்ணம் தீட்டினாயேம்மா.

சித்தப்பா (9:20): பெட்டியை ஒட்டியபின் குலுக்கிப் பார்த்தாயா சுதா?

அண்ணி: லேசாக ஆடியது சின்ன மாமா. சுற்றியிருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

சித்தப்பா: அதுதான். டம்ளர் மாதிரி உருண்டையான சாமானுக்கு பபிள் ராப் போதும். நீட்டிக்கொண்டிருக்கும் குடையை இறுக்கிச் சுற்றினால் அந்தச் சுற்றே அதை ஒடித்துவிடும். அடியும் முதுகும்தான் பாரத்தைத் தாங்க வேண்டும். கை, குடை, குழல் எதிலும் எதுவும் படக்கூடாது.

அண்ணி: தெர்மாகோல் வைக்கலாமா?

சித்தப்பா: ஒரு அடி தாங்கும். அமுங்கிய இடம் அமுங்கியபடியே நின்றுவிடும், அடுத்த அடிக்கு அங்கே இடைவெளி. கூரியரில் பெட்டி எத்தனை கை மாறுகிறது! ஈபிஈ ஃபோம் வாங்கு, டிவி பெட்டி மூலைகளில் சில சமயம் தெர்மாகோலுக்குப் பதிலாக மெத்தென்று வெள்ளையாக வருமே, அது. அமுக்கி விட்டால் மீண்டுவிடும். இரண்டு பலகை எடுத்து, பொம்மை படுக்கிற அளவுக்குக் குடைந்து, கைப்பக்கம் பள்ளத்தை அகலமாக விடு.

அத்தை: அந்தக் காலத்தில் கூடையில் வைக்கோல் போட்டுத்தான் பொம்மை வரும். ஒன்றும் உடையாது.

சித்தப்பா: உண்மைதான் அக்கா, நல்ல மெத்தை. ஆனால் ஈரம் பட்டால் பூச்சி வரும்.

அண்ணி: அடுத்த செட் மெல்போர்னுக்குப் போகிறது.

சித்தப்பா: அப்படியானால் வைக்கோல் வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் உள்ளே விடமாட்டார்கள்.

அண்ணி: இன்னொன்று மாமா. வராகர் கன்னத்தில் வட்ட வட்டமாக அச்சு விழுந்திருக்கிறது.

சித்தப்பா: பெயின்ட் உள்ளே காய்ந்திருக்காது. வண்டிச் சூட்டில் இளகி, குமிழ் பதிந்திருக்கும். முதலில் பட்டர் பேப்பர், அதற்கு மேல்தான் மற்றது.

நான் (9:41): அண்ணி, பெட்டியை ரொம்பப் பெரிதாக்க வேண்டாம். பல கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை போடுவார்கள். 40×30×30 என்றால் பொம்மை மூன்று கிலோவாக இருந்தாலும் 7.2 கிலோவுக்குப் பணம்.

சித்தப்பா: சரிதான். ஆனால் சுற்றிலும் இரண்டு இஞ்ச் மெத்தையில் மட்டும் கை வைக்காதே.

அத்தை (10:05): குடையைத் தனியாகச் செய்து, கையில் துளை விட்டால் என்ன? நம் வீட்டு மாரியம்மன் சூலம் அப்படித்தானே செருகுகிறோம்.

அண்ணி: ஐயோ, இது தோன்றவே இல்லையே! குழலையும் அப்படியே செய்கிறேன்.

அண்ணி (மாலை 6:30): ஃபோம் குடைந்து, பழைய கிருஷ்ணரை வைத்து இடுப்பு உயரத்திலிருந்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல்கூட அப்படியே இருக்கிறது. பெங்களூருக்குப் புது வாமனர் நாளைக்கு வர்ணம் பூசுகிறேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெட்டி.