ஹவுசிங் போர்டு பிளாக்: தட்டட்டி வெள்ளைப் பூச்சு, மோட்டார், சோலார்... 24 வீட்டுக்கும் செலவை எப்படிப் பிரிக்க?

பாளை பிளாக் செயலாளர்
தரையோடு சேர்த்து நாலு தளம், தளத்துக்கு 6 வீடு. எல்லாம் ஒரே அளவு, லிஃப்ட் கிடையாது. தட்டட்டி (மொட்டை மாடித் தளம்) 3,800 சதுர அடி. வெயில் தடுக்கும் வெள்ளைப் பூச்சுக்கு விரிசல் வேலையும் சேர்த்து சதுர அடிக்கு 45 ரூபாய், மொத்தம் 1,71,000 கேக்காவ. 5 எச்பி போர் மோட்டாரை மாத்த 42,000. மாடிப்படியில பழைய சோக் டியூப் லைட்டு 16, ராத்திரி முழுக்க எரியுது. பொது மீட்டர் பில் ரெண்டு மாசத்துக்கு 10,000 கிட்ட வருது. 5 கிலோவாட் சோலார் போடுங்கன்னு ஒருத்தர் வந்துட்டே இருக்காரு.

மேல் தளத்து ஆறு வீட்டுக்காரவ சித்திரையில படுக்க முடியலங்காவ. தரைத்தளத்துக்காரவ "எங்களுக்கு என்ன லாபம், அவங்களே போட்டுக்கிடட்டும்"ங்காவ. எதை முதல்ல செய்ய, வீட்டுக்கு எவ்வளவு வசூலிக்க?

மின்வேலை, மேலப்பாளையம்
அண்ணாச்சி, முதல்ல லைட்டு. சோக்கோட சேர்த்து ஒரு டியூபுக்கு 55 வாட். 16 லைட்டு, 12 மணி நேரம்னா நாளைக்கு 10.5 யூனிட். 9 வாட் எல்இடி போட்டா 1.7 யூனிட்தான். பொது இணைப்புக்கு 2022-ல தனி விகிதம் வந்தப்ப யூனிட் 8 ரூபாய்; அதுக்கப்புறம் கூடியிருக்கு, உங்க பில்லுல உள்ளதைப் போட்டுக்கிடுங்க. 8 ரூபாய்னு வச்சாலே ஒரு பில்லுக்கு 4,200 மிச்சம். பல்பு, ஹோல்டர், கூலி எல்லாம் ஒரே பில்லுல திரும்பிரும். இதுக்குக் கூட்டமே வேண்டாம்.

10 வீட்டுக்குள்ள, மூணு தளத்துக்குள்ள, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு 2023-ல கொடுத்த சலுகை விகிதம் உங்க பிளாக்குக்கு வராது. அதை நம்பிக் கணக்குப் போடாதீங்க.

மோட்டாரை அவசரப்பட்டு மாத்தாதீங்க. மேல்தொட்டியைக் காலி பண்ணி, எல்லா வால்வையும் அடைச்சு, மீட்டரைக் குறிச்சுட்டு நிரப்புங்க. 1,000 லிட்டருக்கு எத்தனை யூனிட் ஆகுதுன்னு பாருங்க. தண்ணி மட்டமும் கட்டட உயரமும் சேர்ந்து 60 மீட்டர்னா, நல்ல மோட்டார் 0.4 கிட்ட எடுக்கும். 0.8-ஐத் தாண்டினா மேலே தூக்கிப் பாக்கணும். மணல் அரிச்ச இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற சக்கரம்), உப்பு படிஞ்ச குழாய், ஒழுகுற நான்-ரிட்டர்ன் வால்வு (ஏறின தண்ணி திரும்பாமத் தடுக்கிறது), இந்த மூணுல ஒண்ணாத்தான் பெரும்பாலும் இருக்கும். 0.65 காட்டுதுன்னு வச்சுக்கிடுங்க. நாளைக்கு 12,000 லிட்டர் ஏத்துற பிளாக்குல புது மோட்டார் மிச்சப்படுத்துறது பில்லுக்கு 1,400-தான். 42,000 திரும்ப அஞ்சு வருஷம் ஆகும். அதுக்குச் சர்வீஸே போதும்.

கட்டட மேற்பார்வை
45 ரூபாயில என்னென்ன அடங்கும்னு எழுதி வாங்குங்க. தளத்து மேல பதிச்சிருக்கிற தட்டோட்டுக்கு (தட்டை ஓடு) இடையில உள்ள இடுக்கைக் கொத்தி, பாலிமர் கலந்த சிமெண்ட் வச்சு அடைக்கிறது ஒரு வேலை. வெள்ளைப் பூச்சு இன்னொரு வேலை. சேர்த்துச் சொன்னா முதல் வேலையைத்தான் அரைகுறையாச் செய்வாங்க.

பூசறதுக்கு முன்னால ஒரு சோதனை. மூணடிக்கு மூணடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்க. அடியில வேர்த்திருந்தா தளத்துக்குள்ள ஈரம் நிக்குதுன்னு அர்த்தம். அதுமேல பூசினா முதல் கோடையிலேயே கொப்புளிச்சு உரிஞ்சிரும். பாசியைத் தேய்ச்சு, பிரஷர் தண்ணி அடிச்சு, நல்லாக் காய விடணும். பிறகு பிரைமர். அப்புறம் ரெண்டு கோட்டு, ஒண்ணு நெட்டுக்கு, அடுத்தது குறுக்குக்கு. மாசி, பங்குனிதான் தோதான காலம். ஆனி, ஆடிக் காத்துல புழுதி ஈரப் பெயிண்ட்ல ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில பேச்சே இல்லை.

கைப்பிடிச்சுவர் ஓரத்துலயும் தண்ணி வெளியேறுற குழாய் வாயிலும் வலைத்துணி வச்சுப் பூசச் சொல்லுங்க. ஒழுக்கு அங்கதான் தொடங்கும். பூசின பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, கோடைக்கு முன்னால கழுவணும். அழுக்குப் படிஞ்ச வெள்ளை வெயிலைத் திருப்பாது.

பாளை பிளாக் செயலாளர்
லைட்டு இந்த வாரமே மாத்திருதேன். பங்கு விஷயம்? அதோட, அஞ்சு வீட்டுல வாடகைக்காரவ இருக்காவ.

சங்கக் கணக்கு
தட்டட்டி மேல் தளத்து ஆறு வீட்டோட சொத்து இல்லை, 24 பேரோட பொதுச் சொத்து. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, பொதுச் செலவை யுடிஎஸ் (ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத நிலப் பங்கு) படிதான் பிரிக்கணும். எல்லாம் ஒரே அளவு என்பதால் வீட்டுக்கு 7,125. ஆறு வீட்டு மேல மட்டும் சுமத்தினால் 28,500 ஆகிவிடும், அது நியாயமே இல்லை. ஒழுகுகிற தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தால் கெடுவது மொத்தப் பிளாக்கும்தான் என்பதைத் தரைத்தள வீடுகளுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

லைட்டில் வருடத்துக்கு மிச்சமாகும் சுமார் 25,000 ரூபாயை மாதச் சந்தாவில் கழிக்காமல் இதில் போடுங்கள். பங்கு 6,100-க்கு இறங்கும். பத்துத் தவணை என்றால் மாதம் 610. இது மூலதனச் செலவு, உரிமையாளர் கொடுக்க வேண்டியது. வாடகைக்காரர் மாதப் பராமரிப்பு மட்டும் கட்டினால் போதும். வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களுக்கு கொட்டேஷன் நகலையும் சங்கக் கூட்டத் தீர்மானத்தையும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைக் கோப்பில் வையுங்கள்.

மின்வேலை, மேலப்பாளையம்
சோலாரைக் கடைசியா வைங்க. லைட்டு மாத்தினா, லைட்டுக்கும் மோட்டாருக்கும் சேர்த்து நாளைக்கு 9.5 யூனிட்தான் வேணும். கிலோவாட்டுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும், அதனால 3 கிலோவாட் தாராளம். மத்திய அரசோட பிஎம் சூர்யா கர் சோலார் திட்டத்துல குடியிருப்போர் சங்கப் பொது இணைப்புக்கு மானியம் கிலோவாட்டுக்கு 18,000. தனி வீட்டுக்குச் சொல்ற 78,000 கணக்கு இதுக்குப் பொருந்தாது. பொது மீட்டர் யார் பேருல இருக்குன்னு இப்பவே பாருங்க, சங்கம் பேருக்கு மாத்த நாளாகும். பேனல் தாங்கியைத் தட்டோட்டுல துளை போட்டு நிறுத்த விடாதீங்க. காங்கிரீட் திண்டு கட்டி, ஆடிக் காத்துக்குத் தாங்குற மாதிரி போல்ட் போடச் சொல்லுங்க. பேனல் பிறகு வந்தாலும், திண்டை மட்டும் முதல்ல கட்டி முடிச்சுட்டு வெள்ளைப் பூச்சைத் தொடங்குங்க.