எம்.ஜி.பி. முன் சஸ்பென்ஷன் புஷ்: ஸ்லீவ் கழல மறுக்கிறது

வணக்கம். 1967 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (மேல்கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), அப்பா ஆசையாக வைத்திருந்த வண்டி. எங்கள் ஊர் ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம்; வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தெருதான். இரண்டு மாதமாக பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’கென்று சத்தம்.

ஜாக்கி வைத்து ஸ்பிரிங்கை இறக்கிப் பார்த்தேன். இடது கீழ் விஷ்போனின் (சக்கரத்தைத் தாங்கும் கை) உள் முனையில், அதிர்வைத் தாங்கும் புஷ்ஷின் ரப்பர் தூளாகிக் கிடந்தது. முன்பு யாரோ எம்.ஜி.பி. வி8 மாடலின் புஷ் போட்டிருக்கிறார்கள், அதாவது ரப்பருக்குள் இரும்பு ஸ்லீவ் (குழல்) உள்ளது. வலது பக்கம் அரை நாளில் கழன்றுவிட்டது. இடதில் ரப்பரைச் சுரண்டி விஷ்போன் கைகளை எடுத்துவிட்டேன். பின்பக்க ஸ்லீவ் மட்டும் பிவட் தண்டோடு (விஷ்போன் ஆடும் அச்சு) துருவேறி ஒட்டிக்கொண்டது. எல்லாம் இந்த உப்புக்காற்றின் வேலை.

மூன்று வாரமாகத் துரு நீக்கும் எண்ணெயில் ஊறவைத்தேன். அப்புறம் படகு எஞ்சின் பட்டறையில் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வாங்கிவந்து மாட்டினேன், அதன் நகத்துக்குப் பிடிமானமே இல்லை. கேஸ் வைத்துச் சூடாக்கியும் அசையவில்லை. தண்டு தேய்ந்துவிடும் என்ற பயத்தில் கிரைண்டரைத் தொடவில்லை. புது புஷ் நான்கும் கையில் இருக்கின்றன. சக்கரத்தில் வண்டியின் பாரம் ஏறிய பிறகே கடைசி நட்டை முறுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பிவட் தண்டில் கீறல் விழாமல் இந்த ஸ்லீவை எப்படி வெட்டி எடுப்பது?