டிடெக்டர் நிற்காமல் கத்துகிறது, அவசரம்

தெக்கத்திப்பையன்:
மச்சானின் கல்யாண மோதிரம் நேற்று கடலில் கால் நனைக்கும்போது கழன்று விழுந்துவிட்டது. மெட்டல் டிடெக்டர் இரவல் வாங்கி வந்தேன். கரையில் ஆன் செய்ததிலிருந்து ஒரே கத்தல். வீட்டு முற்றத்தில் ஒழுங்காக வேலை செய்தது. சீக்கிரம் சொல்லுங்கள், அக்காவுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

கடலோரம்88:
எந்தக் கடற்கரை? எந்த மாடல்? காய்ந்த மணலா, ஈர மணலா?

வயர்மேன்:
காயிலின் (அடியில் இருக்கும் வட்டத் தட்டு) வயரைப் பாருங்கள். தண்டில் இறுக்கிச் சுற்றாமல் தொங்கவிட்டால் இப்படித்தான் கத்தும். நான் பார்த்ததில் முக்கால்வாசி இதுதான்.

பழங்காசு:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்தாயிற்று. தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. முற்றத்தில் ஓடுகிறது என்றால் மெஷின் நன்றாக இருக்கிறது, தம்பி. ஓட்டத்தான் தெரியவில்லை.

தெக்கத்திப்பையன்:
கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி. ஈர மணல். மாடல் தெரியாது, ஸ்டிக்கர் உரிந்துவிட்டது. வயர் சரியாக இருக்கிறது.

கடலோரம்88:
அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! அங்கே கரை முழுக்கக் கருப்பு மணல். இல்மனைட், கார்னெட், ஜிர்கான், மோனசைட் என்று கனிமங்கள் எல்லாம் உண்டு. அரிய மணல் ஆலை அங்கே இருப்பதே அதற்காகத்தான். ஒரு காந்தத்தை மணலில் இழுத்துப் பாருங்கள், கருப்பு மீசை முளைக்கும். அந்தப் பொடியும் டிடெக்டரைக் குழப்பும், மின்சாரம் கடத்தும் உப்புத் தண்ணீரும் குழப்பும். ஒற்றை அலைவரிசை மெஷினை ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது கத்தும்.
சென்சிடிவிட்டியைப் பாதிக்கு இறக்குங்கள். உலோகம் இல்லாத இடத்தில் காயிலை மேலும் கீழும் ஆட்டி, சத்தம் சமமாகும் வரை கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணுக்குக் கத்தாதபடி மெஷினைச் சரிசெய்வது) செய்யுங்கள். அப்புறம் ஒரே உயரத்தில் மெதுவாக வீசுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பல அலைவரிசை மெஷினோ, விட்டுவிட்டுத் துடிப்பு அனுப்பும் பல்ஸ் மெஷினோதான் வேண்டும்.

வயர்மேன்:
எதற்கு இவ்வளவு? டிஸ்கிரிமினேஷனை (குப்பை உலோகத்தை ஒதுக்கும் வசதி) ஏற்றிவிட்டால் சத்தம் போய்விடும்.

கடலோரம்88:
மோதிரமும் சேர்ந்து போய்விடும், அண்ணே! தங்க மோதிரமும் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளும் மெஷினுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். குப்பையைத் தோண்டத் தயாராக இருந்தால்தான் தங்கம்.

பழங்காசு:
தோண்டும்போது பழைய காசு கிடைத்தால் அமுக்கிவிடாதீர்கள். 1878 புதையல் சட்டப்படி 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதித் தர வேண்டும்.

வயர்மேன்:
நேற்று விழுந்த மோதிரம் புதையலா?

பழங்காசு:
காசைச் சொன்னேன். பக்கத்தில்தான் குளச்சல். 1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கரை. அந்த வட்டாரத்தில் திருவிதாங்கூரின் சக்கரம் என்ற வெள்ளிக் காசு கண்ணில் படாதா என்ன?

வயர்மேன்:
வெள்ளியா? எங்கள் தாத்தா பெட்டியில் செம்புச் சக்கரம் இருக்கிறதே.

பழங்காசு:
அது பிற்கால மன்னர்கள் மூலம் திருநாள் அல்லது சித்திரைத் திருநாள் காலத்துக் காசு. முன்பு சக்கரம் வெள்ளிதான், மிளகை விடக் கொஞ்சம் பெரிது.

தெக்கத்திப்பையன்:
சத்தம் குறைந்தது. இரண்டு சோடா மூடி, ஒரு வலை ஈயம். இருட்டிவிட்டது. காலையில் பார்க்கிறேன்.

கடலோரம்88:
தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். மோதிரம் எத்தனை பவுன்? எந்த இடத்தில் நின்றீர்கள் என்று மச்சானுக்கு நினைவிருக்கிறதா?

வயர்மேன்:
தாத்தா காசில் சங்கு இருக்கிறது. அதுவும் சித்திரைத் திருநாளா?

பழங்காசு:
சங்கு அந்த இரண்டு பேர் காலத்திலும் உண்டு. மறுபக்கம் என்ன இருக்கிறது? படம் போடுங்கள்.