அரசு செலவுக் கணக்கை நாமே சார்ட் போட்டுப் பார்த்த அனுபவங்கள்

தஞ்சாவூர் பக்கத்திலிருந்து, கிராமப்புறத் தொழிலாளர்களோடு வேலை பார்ப்பவர்:

பட்ஜெட் புத்தகத்திலிருந்து எண்களை எடுத்துச் சொந்தமாகச் சார்ட் போட்டவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். என்ன வரைந்தீர்கள், அதைப் பார்த்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "இந்த வருஷம் பணத்தைக் கூட்டினாங்களா, குறைச்சாங்களா?" என்பதுதான். 2023 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் வந்த மறுநாள் டீக்கடையில் ஒருவர் 18 சதவீதம் குறைத்துவிட்டார்கள் என்றார். இன்னொருவர் 33 சதவீதம் என்றார். இரண்டு பேரும் படித்ததைத்தான் சொன்னார்கள், இரண்டு கணக்கும் சரிதான். புதிய ஒதுக்கீடு 60,000 கோடி. முந்தைய ஆண்டு பட்ஜெட்டில் சொன்ன 73,000 கோடியோடு ஒப்பிட்டால் 18 சதவீதம் குறைவு. அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடான 89,400 கோடியோடு ஒப்பிட்டால் 33.

அன்றைக்குத்தான் இதை வரைந்தே காட்டுவது என்று உட்கார்ந்தேன். ஒவ்வோர் ஆண்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தூண்: பிப்ரவரியில் அறிவித்தது ஒன்று, கடைசியில் செலவானது ஒன்று. 2019-20இல் அறிவிப்பு 60,000 கோடி, செலவு 71,687 கோடி. 2020-21இல் அறிவிப்பு 61,500 கோடி, கொரோனா வந்து செலவு 1,11,170 கோடி. அடுத்த ஆண்டு 73,000 அறிவித்து 98,468. அதற்கடுத்த ஆண்டும் அதே 73,000 அறிவித்து 90,806. ஒவ்வோர் ஆண்டும் இரண்டாவது தூண்தான் உயரம். வேலை கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஆண்டுகளில் இருந்த சட்டம். அதனால் பிப்ரவரி எண்ணை மட்டும் வைத்துக் கோடு இழுத்தால் ஊரில் நடந்தது அதில் இருக்காது.

உண்மைச் செலவு இரண்டு ஆண்டு கழித்துத்தான் பட்ஜெட் புத்தகத்தில் வரும் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகத்தின் அட்டவணையில் நான்கு பத்திகள்: நடப்பு ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, அதன் திருத்தம், வரும் ஆண்டின் மதிப்பீடு. ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு நீண்ட வரிசை கிடைக்காது. வரிசையாகப் பல ஆண்டுப் புத்தகங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் முதல் பத்தியை எடுத்துக் கோக்க வேண்டும்.

அந்தச் சார்ட்டைப் பெரிய தாளில் அச்செடுத்து ஒரு கூட்டத்தில் ஒட்டினேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: "எங்களுக்குக் கூலி மூணு மாசம் கழிச்சு வந்துச்சே, அது இதுல எங்கே தெரியுது?" தெரியாது. நம் அரசுக் கணக்கு பணம் கையைவிட்டுப் போகும் நாளில்தான் செலவாகப் பதிவாகும். மார்ச்சில் செய்த வேலைக்கு ஜூனில் கூலி போனால் அது அடுத்த ஆண்டின் தூணில் ஏறிவிடும். அவர் கேட்ட பிறகு, நிலுவையைக் காட்டாத செலவுச் சார்ட் எதையும் நான் குறிப்பில்லாமல் ஒட்டுவதில்லை.

மதுரையிலிருந்து, கல்லூரியில் வணிகவியல் நடத்துபவர்:

அந்த அம்மாவின் கேள்வியை என் வகுப்பில் அப்படியே சொல்லப் போகிறேன், அண்ணா.

நான் மாணவர்களிடம் முதலில் கொடுப்பது, "ஒரு ரூபாய் எங்கே போகிறது" என்று பட்ஜெட்டோடு வரும் வட்டப்படம். எல்லா ஊடகத்திலும் அன்றைக்கு அதுதான் ஓடும். 2025-26 படத்தில் வட்டிக்கு 20 பைசா. அதன்பின் பட்ஜெட் சுருக்கத்தைக் கொடுத்து, வட்டியை மொத்தச் செலவால் வகுக்கச் சொல்வேன். வட்டி 12.76 லட்சம் கோடி, மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. வகுத்தால் 25 சதவீதம் வரும். ஒரே அரசு, ஒரே நாள், ஒரே வட்டி. 20 எப்படி 25 ஆனது?

கொஞ்ச நேரம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், நான் வாய் திறப்பதில்லை. படத்தில் மாநிலங்களின் வரிப்பங்கு 22 பைசா இருப்பதை யாராவது ஒருவர் கவனிப்பார். அந்த 14.22 லட்சம் கோடி மத்திய அரசின் மொத்தச் செலவில் சேராது, மாநிலங்களுக்கு நேராகப் போகும் பங்கு. வட்டப்படம் அதையும் சேர்த்துக்கொள்வதால் அடித்தொகை ஏறக்குறைய 65 லட்சம் கோடியாகிறது. 12.76ஐ அதால் வகுத்தால் 20 வந்துவிடும்.

பாதுகாப்புச் செலவிலும் இதே கதை. படத்தில் 8 பைசா. அமைச்சகமோ பட்ஜெட்டில் 13.45 சதவீதம் என்கிறது. படம் எடுத்துக்கொள்வது 4.91 லட்சம் கோடி. ஓய்வூதியத்தையும் அமைச்சகத்தின் சிவில் செலவையும் சேர்த்தால் 6.81 லட்சம் கோடி. மேலேயும் வேறு எண், கீழேயும் வேறு எண். இதைப் பார்த்த பிறகு என் பிள்ளைகள் யாரும் வெறும் "சதவீதம்" என்று எழுதிக்கொண்டு வருவதில்லை. எதில் இத்தனை என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

திருச்சியிலிருந்து, கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்:

தம்பியும் ஆசிரியை அம்மாவும் மத்திய பட்ஜெட்டைப் பேசினீர்கள். நான் மாநிலக் கணக்கோடு வாழ்ந்தவன். அங்கிருந்து ஒன்று சொல்கிறேன்.

ஆராய்ச்சி செய்யும் ஒரு பையன், தமிழ்நாட்டின் கல்விச் செலவு என்று அழகான கோட்டுப்படம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். அரசுக் கணக்கில் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் எண்ணோடு ஒரு தலைப்பு உண்டு. அவன் எடுத்திருந்த தலைப்பு 2202, பொதுக் கல்வி. சம்பளம், உதவித்தொகை, பராமரிப்பு எல்லாம் அதில் வரும். "புது வகுப்பறை கட்டினால் எங்கே போகும்?" என்று கேட்டேன். யோசித்தான். கட்டடம் மூலதனச் செலவு, அது 4202இல் இருக்கும். இந்த நான்கிலக்க எண்களில் ஓர் ஒழுங்கு உண்டு. 2 அல்லது 3இல் தொடங்கினால் வருவாய்ச் செலவு, 4 அல்லது 5இல் தொடங்கினால் மூலதனச் செலவு, 6 அல்லது 7 என்றால் கடன். வருவாய்த் தலைப்போடு 2000 கூட்டினால் பெரும்பாலும் அதன் மூலதனத் தலைப்பு வந்துவிடும். மருத்துவம் 2210, மருத்துவமனைக் கட்டடம் 4210. சாலைப் பராமரிப்பு 3054, புதுச் சாலை 5054. இதை அவனுக்குச் சொன்னபோது அவன் முகத்தில் வந்த மலர்ச்சியை மறக்க முடியவில்லை.

அப்புறம் இரண்டு விஷயங்களையும் சேர்த்துச் சொன்னேன். ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியரின் ஓய்வூதியம் கல்வித் தலைப்பில் இல்லை, 2071இல் மற்ற எல்லோரோடும் சேர்ந்து கிடக்கிறது. சத்துணவைப் பள்ளிக் கல்வியின் மானியக் கோரிக்கையில் (துறை சட்டமன்றத்தில் பணம் கேட்கும் ஆவணத்தில்) தேடினால் கிடைக்காது, அது சமூக நலத் துறையின் கீழ் வருகிறது. பிள்ளை சாப்பிடுவது பள்ளிக்கூடத்தில்தான் என்றாலும் கணக்கு அங்கே இல்லை. இவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்பது வரைபவரின் முடிவு. முடிவெடுத்ததைப் படத்தின் கீழே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே நான் கேட்பது.

பல ஆண்டுகளை ஒப்பிட நினைப்பவர்கள் துறையின் பெயரை நம்பாமல் தலைப்பு எண்ணைப் பிடித்துக்கொண்டு போங்கள். துறைகள் பிரியும், சேரும், பெயர் மாறும். மத்தியில் ஜல் சக்தி அமைச்சகம் 2019இல்தான் வந்தது. ஆனால் குடிநீரும் துப்புரவும் சேர்ந்த 2215 என்ற தலைப்பு அப்படியே இருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து, டேட்டா வேலை செய்பவர்:

ஐயா சொன்ன 2000 கூட்டும் கணக்கை இப்போதே என் கோப்பில் போட்டுவிட்டேன், நன்றி.

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய பட்ஜெட் அட்டவணைகள் எக்செல் கோப்பாகவே கிடைக்கின்றன. பிடிஎஃப் மட்டும் இருந்தால் டபுலா என்ற இலவச மென்பொருள் அட்டவணையைப் பிரித்துக் கொடுக்கும், ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் அதற்கு வேலையில்லை. ஒரு துறையின் பழைய தமிழ் ஆவணத்தில் எழுத்தைக் காப்பி செய்தால் புரியாத குறிகளாக வந்தன, யூனிகோடு அல்லாத எழுத்துரு. எண்கள் மட்டும் ஒழுங்காக வந்ததால் தலைப்பு எண்களை வைத்தே வரிகளை அடையாளம் கண்டேன்.

நீண்ட வரிசை போடுகிறவர்கள் 2017-18இல் ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிடுங்கள். திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவு அந்த ஆண்டிலிருந்து இல்லை. 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட்டும் அதே ஆண்டில்தான் பொது பட்ஜெட்டோடு சேர்ந்தது. 2024-25க்கு மதிப்பீடே இரண்டு இருக்கிறது: பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 47.66 லட்சம் கோடி, ஜூலையில் 48.21 லட்சம் கோடி.

சார்ட்டின் ஓரக் கோட்டில் வரும் அளவு எண்கள் பற்றி ஒரு வார்த்தை. சார்ட் மென்பொருள்கள் மில்லியன், பில்லியன் என்றுதான் தாமாகச் சுருக்கும். கோடியில் இருக்கும் பத்தியை ஒரு லட்சத்தால் வகுத்துவிட்டு "லட்சம் கோடி ரூபாய்" என்று நாமே எழுதிவிடுவது நல்லது. நம் மக்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

சென்னையிலிருந்து, ரேஷன், சுகாதாரம் பற்றி எழுதுபவர்:

எனக்கு மறக்க முடியாத சார்ட் உணவு மானியம். 2019-20இல் 1,08,688 கோடி. மறு ஆண்டு 5,41,330 கோடி. அதற்கடுத்த ஆண்டு 2,88,969. கோடு வரைந்தால் நடுவில் ஒரு கோபுரம் எழும்பும். பார்க்கிற எல்லோரும் "கொரோனாவில் இலவச அரிசி கொடுத்தார்கள் அல்லவா, அதுதான்" என்பார்கள். 2020 ஏப்ரலில் தொடங்கி ஆளுக்கு மாதம் 5 கிலோ இலவசமாகக் கொடுத்தது உண்மை. ஆனால் அந்தக் கோபுரத்தின் கணிசமான பகுதி முந்தைய ஆண்டுகளின் கடன். 2016-17 முதல் மானியத்தில் ஒரு பங்கை அரசு நேராகக் கொடுக்காமல், இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்தது. கடன் என்பதால் பட்ஜெட்டில் அது செலவாகத் தெரியவில்லை. 2020-21இல் அந்தக் கடனை அடைத்தபோது எல்லாம் ஒரே ஆண்டில் வந்து விழுந்தது. ஆக, 2019-20இன் 1.08 லட்சம் கோடியும் முழு உண்மை இல்லை. அந்த ஆண்டு பட்ஜெட்டில் முதலில் சொன்னதே 1,84,220 கோடி! அரிசி குறையவில்லை, கணக்கு வேறு இடத்துக்குப் போனது.

நான் இப்போது அந்தத் தூணின் மேல் இந்த விஷயத்தை இரண்டு வரியில் எழுதித்தான் வெளியிடுகிறேன். படம் நெரிசலாகத் தெரிகிறது என்று ஒரு வடிவமைப்பாளர் சொன்னார். நெரிசல் பரவாயில்லை என்றேன்.

2021 பிப்ரவரியில் "சுகாதாரத்துக்கு 137 சதவீதம் உயர்வு" என்று வந்ததே, அதையும் நாங்கள் அடுக்குத் தூணாகப் பிரித்து வரைந்தோம். மொத்தம் 2,23,846 கோடி. அதில் குடிநீர், துப்புரவுத் துறைக்கு 60,030 கோடி, தடுப்பூசிக்கு 35,000 கோடி, நிதிக்குழு மானியம் குடிநீருக்கும் மருத்துவத்துக்குமாகச் சேர்த்து சுமார் 49,000 கோடி. மருத்துவமனை, டாக்டர், மருந்து என்று நாம் நினைக்கும் சுகாதாரத் துறைக்கு 71,269 கோடி. குடிநீரும் ஆரோக்கியம்தானே என்று ஒரு மருத்துவ நண்பர் வாதாடினார். நியாயம்தான். அடுக்கு அடுக்காகக் காட்டிவிட்டால் அவர் பக்கமும் என் பக்கமும் ஒரே படத்தில் இருக்கின்றன. பேச்சு அதற்குப் பிறகு மிக நன்றாகப் போனது.

மதுரை ஆசிரியை:

அடுக்குத் தூண் யோசனை அருமை. அண்ணா, ஒரு கேள்வி. விலைவாசியைக் கழித்துக் காட்டுவது உங்கள் கூட்டங்களில் புரிகிறதா? என் மாணவர்களுக்கே தடுமாற்றமாக இருக்கிறது.

தஞ்சாவூர்க்காரர்:

புரிகிறது, ஆனால் லட்சம் கோடியில் தொடங்கினால் புரியாது. கையில் வாங்கும் பணத்தில் தொடங்க வேண்டும். நான் முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2011இல் மாதம் 1,000 ரூபாய் ஆனது. 2023இல் 1,200 ஆனது. அதை வரைந்தால் நீளமாகத் தட்டையாகப் போய் கடைசியில் ஒரு படி ஏறும். எல்லோரும் கூடியிருக்கிறது என்பார்கள். பிறகு நுகர்வோர் விலைக் குறியீட்டைச் சொல்வேன்: 2012இல் 100 ரூபாய்க்கு வாங்கியதை 2023 ஜூலையில் வாங்க ஏறக்குறைய 186 ரூபாய் வேண்டும். அப்படியானால் 1,200 ரூபாயின் பலம் 2012 விலையில் 645 ரூபாய்தான். இந்த இரண்டாவது கோட்டை அதே படத்தில் இன்னொரு நிறத்தில் வரைந்தால், கடைசிப் படி ஏறிய பிறகும் அது தொடங்கிய இடத்துக்கு மிகக் கீழே நிற்கும். விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை. வாங்குகிறவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

மத்திய அரசின் பங்கையும் தனியாக வரைந்திருக்கிறேன். 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80க்கு மேல் 500. அந்த 200 ரூபாய் 2007க்குப் பிறகு மாறாமல் வருவதால் முதல் கோடு தரையோடு படுத்திருக்கும்.

மாணவர்களுக்கு இதை வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள் மேடம். எந்த ஆண்டின் விலை என்பதைத் தலைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள், அடிக்குறிப்பில் போட்டால் படத்தை யாராவது வெட்டிப் பகிரும்போது காணாமல் போய்விடும்.

திருச்சி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். 4202ஐ மட்டும் எடுத்து, பள்ளிக் கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு போனது என்று அடுத்த கூட்டத்துக்கு வரைய நினைக்கிறேன். இதே தலைப்பில் விளையாட்டும் கலை பண்பாடும் சேர்ந்து கிடக்கின்றன. துணைத் தலைப்பு எதுவரை இறங்கினால் பள்ளியை மட்டும் பிரித்தெடுக்கலாம்?