கொடை வீடியோ காப்பி பண்ணும்போது டிஸ்க் ரீட்-ஒன்லி ஆகிவிடுகிறது, உதவி வேண்டும்

பாளை வீடியோகாரன்:
வணக்கம். கல்யாணம், கோயில் கொடை வீடியோ எடுக்கிறேன். லினக்ஸ் கம்ப்யூட்டர், 4 டிபி ஹார்ட் டிஸ்க், அதில் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறை). போன வாரம் சுடலைமாடன் கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு எடுத்தேன். மெமரி கார்டிலிருந்து காப்பி பண்ணினால் பாதியில் டிஸ்க் ரீட்-ஒன்லி ஆகிவிடுகிறது (படிக்கத்தான் முடிகிறது, எழுத முடிவதில்லை). ரீஸ்டார்ட் செய்தால் சரியாக வருகிறது, பெரிய ஃபைல் போட்டால் மறுபடி அதேதான். மூன்று தடவை ஆகிவிட்டது. டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது. சிஸ்டம் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க்கில் இப்படி வருகிறது: “கரப்ட் லீஃப், பேட் கீ ஆர்டர்”, முந்தையது 41873, இப்போதையது 9106. கீழே “ரைட் டைம் ட்ரீ பிளாக் கரப்ஷன் டிடெக்டட்”. பாடிய புலவருக்கு எழுபது வயதுக்கு மேல். இந்தப் பதிவு போய்விடக் கூடாது.

பேட்டை:
ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் செக் கமாண்டில் ரிப்பேர் ஆப்ஷன் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:
தம்பி, ரிப்பேர் வேண்டாம். கார்டையும் ஃபார்மட் பண்ணிவிடாதீர்கள். “ரைட் டைம்”, அதாவது எழுதும் நேரம், என்ற வார்த்தைதான் இங்கே முக்கியம். 2019இல் வந்த லினக்ஸ் 5.2 முதல், பிடிஆர்எஃப்எஸ் தன் மெட்டாடேட்டா (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பது போன்ற குறிப்புகள்) பிளாக்கை டிஸ்க்கில் எழுதும் முன்பு ஒரு தடவை சரிபார்க்கிறது. வரிசை குலைந்திருந்தால் அதை எழுதாமல் நிறுத்திவிட்டு ரீட்-ஒன்லிக்குப் போய்விடும். அதனால் கெட்ட பிளாக் உங்கள் டிஸ்க்கில் ஏறவே இல்லை. ரீஸ்டார்ட் செய்ததும் நல்லபடியாக வருவது அதனால்தான். கமிட் இடைவெளி (எழுதியதை டிஸ்க்கில் நிலைப்படுத்தும் இடைவெளி) வழக்கமாக 30 விநாடி, கடைசியாக எழுதிய அந்தக் கொஞ்சம்தான் போயிருக்கும்.

டிமெஸ்க்கில் வந்த அந்த இரண்டு கீ எண்களைப் பாருங்கள், அவை ஏறு வரிசையில் இருக்க வேண்டியவை. ஏறு வரிசையில் 41873க்கு அடுத்து 41874 வந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 9106ஐக் கழித்தால் 32768, அதாவது 2இன் 15ஆம் அடுக்கு. கம்ப்யூட்டர் எண்களை 0, 1 என்ற பிட்களாக வைப்பதால், ஒரே ஒரு பிட் 1லிருந்து 0 ஆகியிருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க்குக்குப் போகும் முன்பே கெட்டிருப்பதால் எனக்கு ரேம் மேல்தான் சந்தேகம். சமீபத்தில் ரேம் மாற்றினீர்களா? ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ராத்திரி முழுக்க ஓடட்டும். அதுவரை அந்த மெஷினில் எதையும் எழுதாதீர்கள். ரேம் கெட்டிருக்கும்போது ரிப்பேர் ஓட்டினால், அதுவே தப்பான எண்ணை டிஸ்க்கில் எழுதிவிடலாம்.

பாளை வீடியோகாரன்:
அண்ணாச்சி, நீங்கள் சொன்னதுதான். எடிட்டிங் மெதுவாக இருக்கிறதென்று இரண்டு மாதத்துக்கு முன் இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன். மெம்டெஸ்ட்டில் இருபது நிமிஷத்திலேயே பிழையைக் காட்டும் சிவப்புக் கோடு வந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், புதியதில்தான் தப்பு. அதைக் கழற்றிவிட்டு ரிப்பேர் ஆப்ஷன் இல்லாமல் செக் ஓட்டினேன், பிழை இல்லை. வில்லுப்பாட்டு முழுதும் ஏறிவிட்டது. டிஸ்க்கில் இருப்பதை முழுதும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பும் பிழை இல்லை என்கிறது. அப்படியானால் இந்த இரண்டு மாதத்து வீடியோக்களும் நல்லபடி இருக்கின்றனவா?

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:
அதை ஸ்க்ரப்பால் சொல்ல முடியாது தம்பி. பிடிஆர்எஃப்எஸ் எழுதும்போது சரிபார்ப்பது மெட்டாடேட்டாவின் ஒழுங்கை மட்டும். உங்கள் வீடியோவுக்குள் எந்த எண் சரி என்று அதற்குத் தெரியாது. வீடியோவுக்கு சிஆர்சி செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) உண்டு, ஆனால் அது ரேமில் இருப்பதை வைத்துப் போடப்படுவது. செக்சம் போடும் முன்பே பிட் புரண்டிருந்தால், புரண்டதற்கே சரியான செக்சம் விழுந்துவிடும். டிஸ்க்கில் ஏறிய பிறகு கெடுவதைத்தான் ஸ்க்ரப் பிடிக்கும். இஎக்ஸ்டி4 என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் என்றால் ஃபைலின் உள்ளடக்கத்துக்குச் செக்சமே கிடையாது.

கார்டு அழியாமல் இருப்பவற்றை, இப்போது நல்ல ரேம் மட்டும் இருக்கும் நிலையில், கார்டிலும் டிஸ்க்கிலும் ஷா256சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஒப்பிடுங்கள். வில்லுப்பாட்டை முதலில் பாருங்கள். கார்டு அழிந்துபோனவற்றை ஓடவிட்டுக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கல்யாண வீட்டுக்குக் கொடுத்த பென் டிரைவை வாங்கி ஒப்பிட வேண்டாம், அதுவும் இதே ரேம் வழியாகப் போனதுதான்.

பாளை வீடியோகாரன்:
பார்த்துவிட்டேன் அண்ணாச்சி. வில்லுப்பாட்டு ஃபைல் பதினான்கும் கார்டோடு ஒத்துப்போகிறது. ஆவணி முகூர்த்தத்து ஃபைல் ஒன்று மட்டும் ஒத்துப்போகவில்லை. நல்லவேளை, அந்தக் கார்டு அழியவில்லை, மறுபடி காப்பி செய்துகொண்டிருக்கிறேன்.